கலண்டர் தாளில் வந்த முறைப்பாடு

போன மாதம் பழைய பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. பேசியது நான் இருந்த கதிரையில் இப்போது இருக்கிற பிரதி அதிபர். நல்ல பிள்ளை, வயது நாற்பதுகூட இராது. பெற்றோருக்கென்று வட்சப் குழு ஒன்று தொடங்கினார்களாம், இப்போது அதுதான் தலையிடியாம். தன் மகனை வகுப்பில் பகிடி பண்ணி அழவைக்கிறார்கள் என்று ஒரு தாய் அந்தக் குழுவில் குரல் பதிவு போட்டிருக்கிறா. மற்றப் பிள்ளையின் பெரியம்மா கனடாவிலிருந்து பதில் போட்டிருக்கிறா. பின்னேரம் ஆவதற்குள் இரண்டு குடும்பத்தின் பழங்கதை முழுக்க வெளியில் வந்துவிட்டது. அழுத பிள்ளையை மட்டும் ஒருவரும் நினைக்கவில்லை. பெற்றோர் ஒரு முறைப்பாட்டை எப்படிக் கொண்டுவரவேண்டும், நாங்கள் அதை எப்படி வாங்கவேண்டும் என்று எழுதித் தாருங்கள் ரீச்சர் என்று பிரதி அதிபர் கேட்டா.

நான் எழுதுகிறேன். ஆனால் முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அது தெரியாமல்தான் இருந்தது. முப்பத்திரண்டு வருடம் படிப்பித்து, அதில் பதினைந்து வருடம் ஒழுக்கத்துக்குப் பொறுப்பாகவும் இருந்துவிட்டு இப்படிச் சொல்ல வெட்கம்தான். அனலைதீவிலிருந்து வந்த ஒரு தாய் அதை எனக்குக் காட்டித் தந்தா. இன்றைக்கும் அவவை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

பயிற்சிக் கலாசாலையில் இரண்டு வருடம் உளவியல் படித்தோம். பிள்ளையின் மனம் எத்தனை வகை என்று எழுதிச் சித்தியும் எய்தினோம். பிறகு நெடுந்தீவில் முதல் நியமனம், குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் கடலில் வாந்தி எடுத்தே நாலு வருடம். ஊர்காவற்றுறைப் பக்கம் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்த அன்றைக்கு இனி என் காலில் கடல் படாது என்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். என்னுடைய படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான்.

முறைப்பாடுகள் எங்களுக்கு வருகிற விதம் ஒன்றும் அழகானதல்ல. மடத்துவெளியிலிருந்து ஒரு தகப்பன் வந்தார். மகனின் காற்சட்டையைக் கிழித்துப் பகிடி பண்ணியவனை பஸ் தரிப்பிடத்தில் கண்டு, எங்களிடம் வருவதற்கு முன்னமே கன்னத்தில் இரண்டு போட்டுவிட்டார். நியாயம் அவர் பக்கம் இருந்தது. அந்த இரண்டு அறையோடு அது மற்றப் பக்கம் போய்விட்டது. பொலிசில் முறைப்பாடு அவருக்கு எதிராகத்தான் பதிவானது. அவருடைய மகனோ, என்னாலைதானே அப்பாவுக்கு இந்தக் கரைச்சல் என்று அதற்குப் பிறகு எதையுமே வீட்டில் சொல்வதை விட்டுவிட்டான்.

எனக்கென்று ஒரு முறை இருந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. அடித்தவரையும் அடிவாங்கியவரையும் ஒன்றாக என் மேசைக்கு முன்னால் நிறுத்துவேன். கொஞ்சம் வெருட்டுவேன். கைகுடுக்கச் சொல்லுவேன். அலுமாரியில் ஒரு பிஸ்கற் தகரப்பேணி நிறைய ரொபி இனிப்பு வைத்திருந்தேன், ஆளுக்கு ஒன்று. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போவார்கள். அந்தச் சிரிப்பை நான் முழுசாக நம்பினேன், மடச்சி.

எங்கள் அதிபருக்கு இந்தப் பேணி பிடிக்காது. அவர் மிகவும் மெதுவான மனிதர். பெற்றோர் யாராவது வாசலில் தலைகாட்டினால், மாகாணத்துப் பெரியவர் வந்ததுபோல எழும்பி நின்று கதிரையை இழுத்துப் போடுவார். சாரத்தோடு கடலிலிருந்து நேரே வந்தவருக்கும் அதே கதிரைதான். முதல் கேள்வி யார் செய்தது என்று இருக்காது. "பிள்ளை இண்டைக்குச் சாப்பிட்டதோ?" என்றுதான் கேட்பார். கத்துவதற்கு ஆயத்தமாக வந்த எத்தனையோ பேர் அந்தக் கேள்வியில் தடுமாறி உட்கார்ந்ததை நான் கண்டிருக்கிறேன். பிறகு பாடசாலையின் பதிவேடான லொக் புத்தகத்தை எடுத்து, அவர்கள் சொல்வதை அவர்களுடைய சொல்லிலேயே எழுதுவார். எழுதியதைத் திருப்பி வாசிப்பார். நீங்கள் சொன்னது இதுதானே என்று கேட்டுவிட்டுக் கையெழுத்து வாங்குவார். ஒரு முறைப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் போகும். வெளியில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

இனி படகுப் பட்டியலைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்களிடம் அனலைதீவிலிருந்து பத்துப் பதினைந்து பிள்ளைகள் தினமும் படகில் வந்து போனார்கள். ஒருநாள் பின்னேரம் ஒரு சின்னப் பிள்ளை துறையில் விடுபட்டு நின்றதைப் படகு போனபிறகுதான் கண்டார்கள். அதற்குப் பிறகு நான் ஒரு ஏற்பாடு செய்தேன். உயர்தர வகுப்பு மாணவத் தலைவி ஒருத்தி துறையில் நின்று ஒவ்வொரு பேராக வாசிப்பா. பேர் வாசித்தபிறகுதான் ஏறலாம். ஏறிய ஒழுங்கிலேயே பேரை எழுதி அடுத்த நாள் காலை என்னிடம் தரவேண்டும், நான் கையெழுத்து வைத்துக் கோப்பில் போடுவேன். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்தவர்கூட அந்த ஏற்பாட்டைப் பாராட்டிவிட்டுப் போனார். தலைவியும் நான் தெரிந்தெடுத்த பிள்ளைதான். அனலைதீவுப் பிள்ளை, கெட்டிக்காரி, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பேர் சொல்லமாட்டேன், அவ இப்போது வேலைக்குப் போகிறா.

அந்தத் தாய், புஸ்பராணி, முதல்முறை வந்த அன்றைக்கு அதிபர் கூட்டத்துக்குப் போயிருந்தார். புருசன் கடற்றொழில். அவவும் வலை சிக்கெடுத்து, நண்டு கழற்றி, கருவாடு போடுகிறவ. மகள் தர்சினி எங்களிடம் ஒன்பதாந் தரம். கணக்கில் விண்ணி. முன்பெல்லாம் கேள்வி எழுதி முடிக்கமுன் விடை சொல்லுவாள், கொஞ்ச நாளாக வாயே திறக்கிறதில்லை என்று கணக்கு வாத்தியார் எனக்குச் சொல்லியிருந்தார். நானும் வயதுக்கு வந்த பிள்ளையளின்ரை குணம் என்று விட்டுவிட்டேன்.

புஸ்பராணி கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, மகள் நனைந்து வீட்டுக்கு வருகிறாள் என்று சொன்னா. எனக்குச் சிரிப்பு வந்தது. கடலில் வருகிற பிள்ளை நனையாமல் என்ன செய்யும், மழைக்கோட்டு ஒன்று வாங்கிக் குடுமன் என்றேன். அவ சொன்ன மறுமொழி:

"எல்லாப் பிள்ளையளும் காய்ஞ்சு வருகுதுகள், ரீச்சர். என்ரை பிள்ளை மட்டும் நனைஞ்சு வருகுது. கடல் ஆள் பாத்து அடிக்காது."

அந்த வசனத்துக்கு அன்றைக்கே நான் எழும்பியிருக்கவேண்டும். எழும்பவில்லை. படகில் யாரோடாவது சண்டையோ என்று கேட்டேன். தலைவிப் பிள்ளையும் இன்னும் இரண்டு பேரும் மகளைக் கண்டால் மூக்கைப் பொத்துகிறார்கள், கருவாடு என்று கூப்பிடுகிறார்கள் என்று மற்றப் பிள்ளைகள் சொல்லக் கேட்டதாகச் சொன்னா. எனக்கு விசயம் சுளுவாகத் தெரிந்தது. அடுத்த நாள் தலைவியையும் தர்சினியையும் மேசைக்கு முன்னால் நிறுத்தினேன். கைகுடுக்கச் சொன்னேன். தலைவி மிகவும் மரியாதையாக மன்னிப்புக் கேட்டா. தர்சினி நிலத்தைப் பார்த்தபடி கையை நீட்டினாள். அந்தக் கை ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்ததை நான் தொட்டும் இருக்கிறேன். ஆளுக்கு ஒரு ரொபி கொடுத்து அனுப்பினேன்.

அந்தப் பின்னேரமே தர்சினியின் ஒற்றைச் சப்பாத்து துறையடிக் கடலுக்குள் போனது. கோள்மூட்டினதுக்கு என்று சொல்லிப் போட்டிருக்கிறார்கள். அடுத்த கிழமை பிள்ளை படகில் ஏறமாட்டேன் என்று அனலைதீவுத் துறையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். நாலு நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. ஐந்தாம் நாள் தாய் தனியாக வந்தா.

இந்தமுறை அதிபர் இருந்தார். எழும்பினார், கதிரை போட்டார், பிள்ளை சாப்பிட்டதோ என்று கேட்டார். "ராவு கொஞ்சம் சாப்பிட்டவள் சேர்," என்று சொல்லிவிட்டு அவ பையிலிருந்து ஒரு சின்னக் கட்டு எடுத்து மேசையில் வைத்தா. தினக் கலண்டரில் கிழிக்கிற சின்னத் தாள்கள், பதினேழு. ஒரு மூலையில் துளைபோட்டு, வலை கட்டுகிற நைலோன் நூலால் கோத்திருந்தா.

அவர்களுடைய வீட்டில் தகப்பன் வழியாக வந்த பழக்கமாம் அது. கிழித்த தாளை எறியமாட்டார்கள். அதன் பின்பக்கத்தில் அன்றைய காற்று என்ன, வலை எங்கே விட்டது, என்ன பட்டது என்று எழுதி வைப்பார்கள். அடுத்த வருடம் அதே காலத்தில் எடுத்துப் பார்ப்பதற்கு. எட்டாம் வகுப்போடு நின்ற புஸ்பராணி, அதே தாளில் காற்றுக்குக் கீழே மகளையும் எழுதியிருந்தா. ஒரு தாளில் இருந்தது எனக்கு இன்றைக்கும் பாடம்:

காத்து சோழகம், பலம். கண்டது: பிள்ளை நனைஞ்சு வந்தவள், இடப்பக்கம் தோள் தொடக்கம் பாவாடை மட்டும். வலப்பக்கம் காய்வு. மற்றப் பிள்ளையள் எல்லாம் காய்வு. கேட்டது: தானே வெளியிலை நிண்டதாம். நம்பேல்லை.

கண்டது, கேட்டது என்று ஏன் பிரித்து எழுதினீர்கள் என்று அதிபர் கேட்டார். அவ கொஞ்சம் வெட்கப்பட்டா. கடலிலே தான் கண்ட மீன் வேறு, மற்ற வள்ளக்காரன் சொன்ன மீன் வேறு சேர், அவன் தன்னுடைய இடத்தை மறைக்கப் பொய் சொல்லுவான், அதனால் இரண்டையும் கலந்து எழுதினால் அடுத்த வருடம் வலை வெறுமையாகத்தான் வரும் என்றா. நானும் அதிபரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்கு யாரும் சொல்லாத விசயம் இது.

ஏன் எப்போதும் இடப்பக்கம் என்றார் அதிபர். அவர் வலிகாமத்துக்காரர், கடல் தெரியாது. புஸ்பராணி மேசையிலிருந்த அழிக்கிற றப்பரை எடுத்துப் படகாக வைத்தா. இது ஊர்காவற்றுறை, இது அனலைதீவு, தென்மேற்குச் சோழகக் காற்று இங்கே இருந்து வரும், தண்ணி இந்தப் பக்கத்தால்தான் அடிக்கும். உள்ளே இருப்பவருக்குப் படாது. வெளியில் இடப்பக்க ஓரத்தில் நிற்பவருக்குத்தான் இப்படிப் படும். ஒரு நாள் நின்றால் ஆசைக்கு நின்றது. பதினேழு நாள் ஒரே இடத்தில் நின்றால் அது நிற்கவிட்ட இடம். அவ குரலை உயர்த்தவே இல்லை.

அதிபர் என் பக்கம் திரும்பி, "ரீச்சர், உங்கடை பட்டியல் கோப்பை ஒருக்கால் எடுங்கோ," என்றார்.

எடுத்தேன். கலண்டர் தாளை ஒரு பக்கமும் என் பட்டியலை ஒரு பக்கமும் வைத்து அவர் ஒவ்வொரு நாளாகப் பார்த்தார். தாளில் நனைந்த நாள். பட்டியலில் அந்த நாள் கடைசிப் பேர், தர்சினி. அடுத்த தாள். கடைசிப் பேர், தர்சினி. பேர் வாசித்தபிறகுதான் ஏறலாம் என்பது நான் போட்ட சட்டம். கடைசியாக வாசித்தால் உள்ளே இடம் இராது. உள்ளே போகப் பார்த்தால் மணக்குது என்று பையை வைத்து மறித்திருக்கிறார்கள், அது பிறகு விசாரித்தபோது தெரிந்தது. அந்தக் கடைசிப் பேர் நாள் தவறாமல் முத்து முத்தான கையெழுத்தில் என் மேசைக்கே வந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கீழே என்னுடைய ஒப்பம், பச்சை மையில். அந்த அம்மா கடலையும் வானத்தையும் பார்த்துக் கண்டுபிடித்ததை, நான் கையில் வைத்துக்கொண்டு காணவில்லை.

படகு பாடசாலைக்கு வெளியே, அது எங்கள் பொறுப்பல்ல என்று சொல்ல எந்த அதிபருக்கும் ஒரு வழி இருக்கிறது. சொல்லக் கண்டும் இருக்கிறேன். இவர் லொக் புத்தகத்தைத் திறந்து தாயின் சொற்களை எழுதி முடித்துவிட்டு, கீழே தன் கையால் எழுதினார்: படகுப் பட்டியல் பாடசாலையின் ஏற்பாடு. பிள்ளைக்கு நடந்ததற்குப் பாடசாலை பொறுப்பு. முதல் முறைப்பாட்டைக் கையாண்ட விதம் பிழை. வாசித்துக் காட்டினார். கடைசி வரியில் என்னை அவர் பார்க்கவில்லை. பார்க்காததற்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

பிறகு, உங்களுக்கு என்ன வேணும் என்று தாயிடம் கேட்டார். தண்டனை கேட்பா, தலைவியின் பட்டியைக் கழற்றச் சொல்லுவா என்று நினைத்தேன். அவ கேட்டது வேறு. இரண்டு பிள்ளையளையும் திரும்ப ஒன்றாக நிறுத்திக் கைகுடுக்க வைக்கக்கூடாது. என்ரை பிள்ளை பள்ளிக்கூடமோ படகோ மாறமாட்டாள், மாறவேண்டியது அவள் இல்லை. என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதித் தாருங்கள், இரண்டு கிழமையில் வந்து கேட்பன். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை உத்தியோகத்தரிடம் விசாரித்து, வலயத்துக்கு ஒரு கடிதமும் எழுதி மடித்துப் பைக்குள் வைத்திருந்தா.

"இஞ்சை தீராட்டில் அங்கை போவன், சேர். கோவத்திலை இல்லை. வகுப்பு ரீச்சர், பிரதி அதிபர், நீங்கள், அதுக்குப் பிறகு அவையள். படி அப்பிடித்தானே?"

அதிபர் கையிலிருந்த பேனையை வைத்துவிட்டார். "ஓம் அம்மா. படி அப்பிடித்தான்," என்றார்.

பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தனித்தனி அறையில் விசாரித்தோம். பார்த்துக்கொண்டு நின்ற சின்னதுகளிடம் முதலில், தலைவியிடம் கடைசியில். வெருட்டக்கூடாது என்று அதிபர் கட்டளை. எனக்கு அது பெரிய தண்டனை. தலைவி முதலில் மறுத்தா. பட்டியல்களையும் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபிறகு ஒத்துக்கொண்டா.

"நீர் ஏன் பிள்ளை இப்பிடிச் செய்தனீர்?" என்று கேட்டேன்.

"நானும் ஆறாம் வகுப்பிலை அங்கைதான் நிண்டனான், ரீச்சர். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

அதுவும் என்னுடைய காலம்தான். அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்பில் நனைந்துகொண்டு போனபோதும் நான் இதே பள்ளிக்கூடத்தில் இதே பேணியோடு இருந்திருக்கிறேன். அவவைத் தலைவிப் பொறுப்பிலிருந்து எடுத்தோம், தாய் தகப்பனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னோம், சப்பாத்துக்கு அவர்களே பொறுப்பேற்றார்கள். ஆனால் வெளியே தூக்கி எறியவில்லை. உளவளத்துணை ஆசிரியரிடம் கிழமைக்கு ஒருநாள் அனுப்பினோம். நடந்ததை உயர்தர வகுப்பில் யாருக்கும் சொல்லவில்லை.

எழுதிக் கொடுத்த ஏற்பாட்டில் முதல் வரி, ஒரு ஆசிரியர் தினமும் பின்னேரப் படகில் கூடப் போகவேண்டும் என்பது. முதல் ஆள் யார் என்று அதிபர் கேட்கவில்லை. நானே கையை உயர்த்தினேன். மாதாவுக்குக் கொளுத்திய மெழுகுதிரி வீணாய்ப் போனது.

நான் முதலில் போன அன்றைக்குச் சோழகம் நல்ல பலம். தர்சினி அதிபரின் வாக்கை நம்பித் தகப்பனோடு காலையில் வந்திருந்தாள். பின்னேரம் துறையில் நானே பேர் வாசித்தேன், சின்னப் பிள்ளைகள் முதல். தர்சினி உள்ளே போய் நடுவில் இருந்தாள். ஒரு பை அவளை மறிக்கப் பார்த்தது, நான் பார்த்த பார்வையில் தானாக மடிக்குப் போனது. எல்லாரும் ஏறியபிறகு கடைசி ஆள் நான். உள்ளே இடம் இருந்தது, பிள்ளைகள் நெருங்கி இடம் விட்டார்கள். நான் போகவில்லை. வெளியில் இடப்பக்க ஓரத்தில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

துறையை விட்டு விலகியதும் முதல் தண்ணி அடித்தது. சீலையில் பாதி போய்விட்டது. இரண்டாவது அடி காதுக்குள். உப்பு கண்ணைக் கரித்தது, கால் வழுக்கியது. ஐம்பத்துநாலு வயது மனுசி நான், எனக்கே பயமாக இருந்தது. பதினாலு வயதுப் பிள்ளை இதில் பதினேழு நாள் நின்றுவிட்டு, வீட்டுக்குப் போய் நானேதான் வெளியிலை நிண்டனான் என்று சொல்லியிருக்கிறாள். கடலைப் பார்த்துக்கொண்டு அழுதேன். எல்லாம் ஒரே உப்புத்தானே, யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

அனலைதீவுத் துறையில் புஸ்பராணி நின்றா. மகளின் தோளை, பாவாடையைத் தொட்டுப் பார்த்தா. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தா. ஏன் நனைந்தது என்று கேட்கவும் இல்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு துவாயும் தேத்தண்ணியும் தந்துவிட்டு, திரும்பிப் போகிற படகில் ஏற்றிவிட்டா.

ஒரே நாளில் எல்லாம் சரிவந்தது என்று சொன்னால் பொய். தர்சினி கணக்குப் பாடத்தில் திரும்பக் கை உயர்த்த ஒரு தவணை, மூன்று மாதம், எடுத்தது. இரண்டு கிழமையில் வருவன் என்று சொன்ன தாய் சொன்னபடி வந்தா, லொக் புத்தகத்தில் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டா, எது நடந்தது எது நடக்கவில்லை என்று சொன்னா. அந்தத் தவணை முடியும்வரை வந்தா. ரொபிப் பேணியை நான் குசினிக்குக் கொண்டுபோய்ச் சீனி போட்டு வைத்தேன்.

ஆகவே பிள்ளை, நீர் கேட்டதற்கு என் பதில் இதுதான். உம்முடைய பெற்றோருக்குச் சொல்லும்: பிள்ளையை உலுப்பி உலுப்பிக் கேட்காமல் முதலில் பிள்ளையைப் பார்க்கட்டும். கண்டதை ஒரு பக்கம், கேட்டதை ஒரு பக்கம், அன்றன்றைக்கே எழுதட்டும். குழுவில் போடாமல், மற்றப் பிள்ளையின் வீட்டு வாசலுக்கும் போகாமல், எழுதினதைக் கையில் கொண்டு நேரே வரட்டும். பதிந்ததை வாசித்துக் காட்டச் சொல்லட்டும், என்ன செய்வீர்கள் என்று எழுத்தில் கேட்கட்டும், திரும்பி வரட்டும். உம்மிடம் தீராவிட்டால் மேலே போக அவர்களுக்கு உரிமை இருக்கிறது என்பதையும் நீரே சொல்லும். உமக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வருகிறவரை எழும்பி நின்று வாங்கும்.

நான் ஓய்வுபெற்ற அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் மாலை, பொன்னாடை, பேச்சு எல்லாம் நடந்தது. முடிந்து வெளியில் வர, வாசலில் புஸ்பராணி. மகள் அப்போது கம்பஸில் கணிதம் படிக்கப் போய்விட்டாள். ஒரு கடித உறையைத் தந்துவிட்டு, படகுக்கு நேரமாகுது ரீச்சர் என்று போய்விட்டா. உறைக்குள் ஒரு கலண்டர் தாள், மூலையில் நூல் கோத்த துளையோடு. நான் படகேறிய அன்றைய தாள்.

காத்து சோழகம், பலம். கண்டது: பிள்ளை காய்ஞ்சு வந்தவள். ரீச்சர் நனைஞ்சு வந்தவ, இடப்பக்கம் தோள் தொடக்கம். கண் சிவப்பு, அது கடல் தண்ணியாலை இல்லை.

கேட்டது என்ற இடத்தில் அவ ஒன்றும் எழுதவில்லை.